கொத்தாமல் காய்கறிப் பாத்தி: கொங்கு மண்ணில் எந்த வழி யாருக்குப் பொருந்தும்?

புரட்டாசி பிறந்ததும், வீட்டுக்குப் பின்னால் ஒன்றிரண்டு சென்ட் இடம் வைத்திருக்கும் கொங்குப் பகுதிக் குடும்பங்களில் ஒரு கேள்வி எழுகிறது. ஐப்பசி மழை இறங்குவதற்குள் காய்கறிப் பாத்தியை எப்படி அமைப்பது? ஆள் வைத்துக் கொத்திப் புரட்டுவதா, மண்ணைக் கிளறாமல் மேலே எருவும் மூடாக்கும் (மண்ணை மூடிவைக்கும் வைக்கோல், சருகு போன்றவை) போட்டு நடுவதா? கொத்தாத முறை என்று ஒரே பெயரால் சொல்லிவிடுகிறோமே தவிர, அதற்குள் நான்கைந்து வழிகள் இருக்கின்றன. செலவிலும், காத்திருக்க வேண்டிய காலத்திலும், தாங்கும் வெயிலிலும் அவை ஒன்றுக்கொன்று வெகுவாக மாறுபடுகின்றன. எங்கள் குடும்பத்தில் மூன்று வீடுகளில் மூன்று வகை மண் இருக்கிறது. நான் இருப்பது பெருந்துறைக்கும் சென்னிமலைக்கும் இடையே, முக்கால் அடிச் செம்மண்ணும் அதற்குக் கீழே சுக்கானும் (இறுகிய சுண்ணாம்பு அடுக்கு) உள்ள இடம். அக்கா வீடு கோபிசெட்டிபாளையத்தில், தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில், கையில் ஒட்டும் களிமண். சித்தப்பா வீடு பல்லடம் பக்கம், கரிசல். ஒரு வீட்டில் நன்றாக நடந்த முறை அடுத்த வீட்டில் அப்படியே நடக்கவில்லை என்பதைப் பார்த்த பிறகே, எது சிறந்த முறை என்று கேட்பதை விட்டுவிட்டு, எந்த மண்ணுக்கு எது என்று கேட்கத் தொடங்கினேன்.

ஆகவே முறைகளுக்குள் போகுமுன் மண்ணைப் பார்த்துவிட வேண்டும். இதற்கு இரண்டு எளிய சோதனைகள் போதும். முதலாவது, நன்றாகத் தண்ணீர் விட்டு ஒரு நாள் ஆறவைத்த இடத்தில் ஒரு கம்பியை அழுத்திப் பார்ப்பது. உடல் எடையைக் கொடுத்து அழுத்தினால் ஓரடி இறங்குமானால் அந்த மண்ணைக் கொத்த வேண்டிய தேவையே இல்லை. இரண்டாவது, ஓரடி ஆழக் குழி ஒன்று எடுத்து, அதில் இரண்டு முறை தண்ணீர் நிரப்பி, இரண்டாம் முறை நிரப்பிய தண்ணீர் வடிய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பது. சில மணி நேரத்துக்குள் வடிந்தால் கவலையில்லை, மறுநாள் காலையிலும் நீர் நின்றால் பாத்தியை உயர்த்தித்தான் ஆக வேண்டும். என் செம்மண்ணில் கம்பி முக்கால் அடியில் சுக்கானில் முட்டி நின்றது. அக்கா வீட்டுக் களியில் கம்பி இறங்கியது, தண்ணீர்தான் இறங்கவில்லை. கரிசலின் இயல்பு வேறு. அது காய்ந்தால் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கிறது, நனைந்தால் உப்பி மூடுகிறது. வெடிப்புக்குள் மேல்மண் சரிந்து விழுவதும், ஈரத்தில் அடிமண் பிதுங்கி எழுவதுமாகத் தன்னைத்தானே புரட்டிக்கொள்ளும் மண் அது. கோவையைச் சுற்றிய மண் வகைகளுக்கு ஊர்ப் பெயர்களையே சூட்டியிருக்கிறார்கள்: செம்மண் வகைக்கு இருகூர்த் தொகுதி என்றும், கரிசல் வகைக்குப் பெரியநாயக்கன்பாளையம் தொகுதி என்றும். ஒரே மாவட்டத்தில் இவ்வளவு அருகருகே இத்தனை மாறுபாடு இருக்கும்போது, பக்கத்து ஊர்க்காரர் செய்ததை அப்படியே செய்வது எவ்வளவு ஆபத்தானது என்பது விளங்கும்.

கொத்துவதன் பக்கம் உள்ள நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அதை அலட்சியமாகத் தள்ளிவிடுவது சரியன்று. கொத்தாமல் பாத்தி போடப்போகிறேன் என்று சொன்னபோது சித்தப்பா, “அகல உழுவறதக் காட்டியும் ஆழ உழுவோணும்னு பெரியவங்க சும்மாவா சொல்லி வெச்சாங்க?” என்று கேட்டார். “அது மானாவாரிக் காட்டுக்குச் சொன்னதுங்க சித்தப்பா, தண்ணி பாய்ச்சி, எரு போட்டு, மூடி வெக்கற பாத்திக்கு மண்புழு உழுதா போதுங்க” என்றேன். அவர் முழுவதும் ஏற்கவில்லை என்றாலும், அந்தப் பழமொழி பிறந்த இடத்தை நாம் மதித்தாக வேண்டும். சித்திரையில் விழும் ஒன்றிரண்டு மழையை இறுகிக் கிடக்கும் காட்டுக்குள் இறக்கி, கொள்ளுக்கும் சோளத்துக்கும் ஈரத்தைச் சேமிக்கக் கோடை உழவு இன்றியமையாதது. கொத்திய பாத்தியில் முதல் பருவமே முள்ளங்கி நேராக இறங்குகிறது. கீரை விதையைத் தூவிய நான்காம் நாளில் பச்சை தெரிகிறது. எருவும் குறைவாகவே தேவைப்படுகிறது. உடனடியாகப் பயன் வேண்டுபவருக்கு இவை சிறிய நன்மைகள் அல்ல.

ஆனால் அடுத்தடுத்த பருவங்களில் அதன் விலை தெரிகிறது. நம் வெயிலில் புரட்டிப் போட்ட மண்ணில் உள்ள அங்ககப் பொருள், அதாவது மட்கிய தழையும் எருவும், காற்றுப்பட்டு மிக விரைவாகச் சிதைந்துவிடுகிறது. மண் ஆய்வு அட்டையில் அங்ககக் கரிமம் 0.5 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் ‘குறைவு’ என்று குறிப்பார்கள். நம் பகுதிச் செம்மண் நிலங்களின் அட்டைகளில் பெரும்பாலும் காணப்படுவது அந்தச் சொல்தான். இருப்பதே குறைவாக உள்ள மண்ணைப் பருவத்துக்கொருமுறை புரட்டுவது, சேமிப்பில்லாதவர் கடன் வாங்கிச் செலவழிப்பது போன்றது. அதோடு, கோரை இருக்கும் இடத்தில் கொத்துவது பெரும் பிழை. கோரையின் கிழங்குகள் மண்ணுக்கடியில் மணிமாலைபோல் ஒன்றையொன்று தொடர்ந்து கிடக்கின்றன. தொடர் அறுபடாத வரையில் பல கிழங்குகள் உறங்கியே இருக்கும். மண்வெட்டி பட்டுத் தொடர் அறுந்தால் உறங்கிய ஒவ்வொரு கிழங்கும் தனியாக முளைக்கிறது. பார்த்தீனியம், சாரணை போன்ற களைகளின் விதைகளும் அடிமண்ணிலிருந்து வெளிச்சத்துக்கு வந்தால்தான் பெருகுகின்றன. களை எடுப்பதற்காகவே கொத்துகிறோம் என்று நாம் நினைத்திருக்க, கொத்துவதே களையை விதைப்பதாக முடிகிறது.

இனி கொத்தாத வழிகள். இணையத்தில் அதிகம் காணப்படுவது, அட்டைப்பெட்டிகளை விரித்து அதன்மேல் மக்கிய எருவைக் கொட்டும் முறை. இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் சார்லஸ் டவுடிங் என்பவர் 1980களிலிருந்து இம்முறையில் காய்கறி வளர்த்து, கொத்திய பாத்தியையும் கொத்தாத பாத்தியையும் அருகருகே வைத்து, இரண்டுக்கும் ஒரே அளவு எருவிட்டு, விளைச்சலை ஆண்டுதோறும் எடைபோட்டு வருகிறார். கொத்தாத பாத்தியே பெரும்பாலும் சற்றுக் கூடுதலாகத் தந்திருக்கிறது. அவருக்கு முன்பே அமெரிக்காவின் கனெக்டிகட்டில் ரூத் ஸ்டவுட் வைக்கோல் போன்ற காய்ந்த புல்லை மட்டுமே தடிமனாகப் பரப்பியும், சிட்னியில் எஸ்தர் டீன்ஸ் செய்தித்தாள், வைக்கோல், எரு என்று அடுக்கியும் வெற்றி கண்டிருக்கிறார்கள். இவர்களின் அனுபவம் மதிப்புள்ளது. எனினும் இங்கிலாந்தில் ஆண்டு முழுவதும் பரவலாகத் தூறல் விழுகிறது, வெயில் மென்மையானது, தோட்டக்காரரின் முதல் எதிரி ஓடில்லாத நத்தை. அது வைக்கோலுக்குள் ஒளிந்துகொள்ளும் என்பதால்தான் அங்கே வைக்கோலைத் தவிர்த்து எருவையே மூடாக்காக வைக்கிறார்கள். கோவையில் ஆண்டு மழை ஏறத்தாழ 600 முதல் 700 மில்லிமீட்டர். அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை ஆகிய இரண்டு மாதங்களில் கொட்டிவிடுகிறது. நமக்கு முதல் எதிரி கரையான். திறந்து கிடக்கும் எரு சித்திரை வெயிலில் பொடியாகி, பிறகு தண்ணீர் ஊற்றினாலும் உள்ளே வாங்காமல் மேலேயே உருட்டிவிடுகிறது. ஆகையால் அங்கே வேண்டாமென்று ஒதுக்கிய வைக்கோல் மூடாக்கு இங்கே கட்டாயமாகிறது.

நான் முதன்முதலில் அட்டைப் பாத்தி போட்டது மாசி மாதத்தில். திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதிக்குப் பயன்படும் பெரிய அட்டைப்பெட்டிகள் எளிதாகக் கிடைக்கின்றன. அவற்றை விரித்து, மேலே இரண்டு அங்குலம் எரு போட்டு, தக்காளி நாற்று நட்டேன். மூன்று வாரத்துக்குள் ஓரங்களில் கரையான் மண்கூடு கட்டிவிட்டது. பங்குனி முடிவதற்குள் அட்டை இருந்த இடமே தெரியவில்லை. நடுப்பகுதியில் நனையாமல் போன அட்டை கூரைபோல் நின்று, ஊற்றிய தண்ணீரை வழித்து வெளியே விட்டது. வேர் கீழே இறங்காமல் அந்த இரண்டு அங்குல எருவுக்குள்ளேயே சுழன்று நாற்றுகள் காய்ந்தன. பருவமும் தவறு, எருவின் அளவும் தவறு, நனைத்த விதமும் தவறு. அடுத்த ஆண்டு புரட்டாசியில் செய்தபோது, பெட்டிகளின் ஒட்டுநாடாவையும் கம்பிப் பின்களையும் நீக்கி, பளபளப்பான பூச்சுள்ளவற்றை ஒதுக்கி, மீதியை ஓர் இரவு முழுவதும் தொட்டித் தண்ணீரில் ஊறவைத்தேன். விரிக்குமுன் தரையையும் நனைத்து, ஒரு கை வேப்பம் புண்ணாக்குத் தூவி, ஒன்றன்மேல் ஒன்று அரையடி ஏறுமாறு அடுக்கி, எந்த ஓரமும் வெளியே தெரியாமல் எருவால் மூடினேன். பிறகு வந்த மழை மீதி வேலையைச் செய்தது. தை மாதத்தில் கையை விட்டுப் பார்த்தபோது அட்டை கூழாகி, அதன் கீழே மண்புழு தென்பட்டது.

கரையானைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அது முதலில் தேடுவது காய்ந்த நாரையே. மூடாக்கு ஈரமாக இருக்கும்வரை பச்சைச் செடியின் பக்கம் பெரும்பாலும் போவதில்லை. மேற்கு ஆப்பிரிக்காவின் புர்க்கினா பாசோவில், பாறைபோல் இறுகிய நிலத்தில் ‘சாய்’ எனப்படும் சிறு குழிகளைத் தோண்டி, எருவும் சருகும் இட்டு, கரையானை வலிய வரவழைக்கிறார்கள்; அது துளைத்த வழிகளில் மழைநீர் இறங்கி நிலம் மீள்கிறது. சுக்கான் மேட்டில் இருக்கும் எனக்கு இந்தச் செய்தி பெரிய ஆறுதலைத் தந்தது. என்றாலும், வீட்டுச் சுவரையும் கதவு நிலையையும் ஒட்டி அட்டைப் பாத்தி போடக்கூடாது. குறைந்தது ஐந்தாறு அடி தள்ளியே போட வேண்டும்.

அட்டை முறையின் உண்மையான தடை கரையானன்று, எருவின் அளவு. நான்கடி அகலம், பத்தடி நீளம் உள்ள ஒரு பாத்திக்கு ஆறு அங்குல உயரம் எரு போட்டால் 20 கன அடி ஆகிறது. ஐந்து பாத்திகளுக்கு 100 கன அடி, அதாவது மணல் அளக்கும் கணக்கில் ஒரு முழு யூனிட். இதை வாங்கிப் போடக்கூடியவருக்கு நடவு அன்றே தொடங்குகிறது. மாடு வைத்திருப்பவருக்கும் சிக்கலில்லை. மற்றவர்கள் இதை ஒரேயடியாக ஐந்து பாத்திக்குச் செய்ய முயன்று, எரு போதாமல் இரண்டு அங்குலத்தில் நிறுத்திவிடுவதே தோல்விக்குப் பெரிய காரணம் என்று கருதுகிறேன். ஒரு பாத்தியை முழுமையாகப் போடுவது ஐந்தை அரைகுறையாகப் போடுவதைவிட மேலானது. இரண்டாம் ஆண்டிலிருந்து ஆண்டுக்கு ஓர் அங்குலம் போதும். அது ஒரு பாத்திக்கு ஏறத்தாழ மூன்றேகால் கன அடிதான்.

எருவிலும் வேறுபாடுகள் உண்டு. நன்றாக மக்கிய மாட்டெரு எல்லாவற்றிலும் பாதுகாப்பானது. ஆனால் தென்னந்தோப்புப் பக்கத்துக் குப்பைக் குழியிலிருந்து வருவதில் காண்டாமிருக வண்டின் தடித்த வெள்ளைப் புழுக்கள் இருக்கும், பரப்பும்போதே பொறுக்கிவிட வேண்டும். பட்டி அடைத்த இடத்து ஆட்டெரு சத்து மிகுந்தது, அதைத் தனியாக ஆறு அங்குலம் போடாமல் மாட்டெருவோடு கலந்துகொள்வது நல்லது. நாமக்கல் பக்கத்திலிருந்து வரும் கோழி எரு மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக அதைப் பாத்தி முழுக்க நிரப்பியவர்கள் நாற்றுகளைக் கருகக் கொடுத்திருக்கிறார்கள். அதில் உப்பும் அம்மோனியாவும் அதிகம். வைக்கோல் அடுக்குக்கு அடியில் அரை அங்குலம் தூவி, ஆறு வாரம் ஈரமாக விட்டுவைத்தால் மட்டுமே அது நன்மை செய்யும். பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னை நார்க்கழிவைப் பச்சையாகப் போடுவதும் இதே போன்ற தவறு. அதில் கரிமமும் தழைச்சத்தும் நூற்றுக்கு ஒன்று என்ற விகிதத்தையும் தாண்டி நிற்பதால், மட்க வரும் நுண்ணுயிர்கள் செடிக்குரிய தழைச்சத்தைப் பிடுங்கிக்கொள்ளும். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் சிப்பிக்காளானையும் யூரியாவையும் அடுக்கடுக்காக இட்டு அதை மட்கவைக்கும் முறையைப் பரவலாக்கியது. ஒரு டன் கழிவுக்கு ஐந்து கிலோ யூரியா, ஐந்து புட்டி காளான் வித்து என்பது அக்கணக்கு, முடிவில் அந்த விகிதம் இருபத்து நான்குக்கு ஒன்று என்ற அளவுக்கு இறங்குகிறது. அவ்வாறு மட்கியதை வாங்கினால் நீரைப் பிடித்துவைப்பதில் அதற்கு நிகரில்லை.

அட்டையும் வேண்டாம், வாங்கிய எருவும் வேண்டாம் என்பவருக்கு அடுத்த வழி மூடாக்கு மட்டும். கரும்புச் சோகை, சோளத்தட்டு, கடலைக்கொடி, வைக்கோல், தென்னோலை என்று கையில் கிடைப்பதை எட்டு அங்குலத்துக்குப் பரப்பிவிட்டு, நடும் இடத்தில் மட்டும் விலக்கி ஒரு சட்டி எருவிட்டு நடுவது. இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஊர் ஊராகச் சொல்லிவந்த மூடாக்கு இதுதான். சுபாஷ் பாலேக்கரின் இயற்கை வேளாண் முறையிலும் இது ஒரு தூண். இதன் செலவு மிகக் குறைவு, நீர்ச் சேமிப்பு மிக அதிகம். நம் ஊர்களில் பலருக்கு ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பாக இருக்கிறது. திறந்த மண்ணில் அந்த நீர் ஆவியாகும்போது உப்பு மேலே வெள்ளைப்பூத்து நிற்கிறது. மூடாக்கின் கீழே சொட்டுநீர்க் குழாயை ஓட்டினால் ஆவியாவது குறைந்து அந்த வெள்ளைப்பூச்சும் குறைகிறது என்பதை என் பாத்தியில் கண்கூடாகப் பார்க்கிறேன். குறைகளும் உள்ளன. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வீசும் காற்று வைக்கோலையும் சருகையும் அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோய்விடும். மேலே பிளந்த தென்னை மட்டைகளைக் குறுக்காகப் போட்டு அழுத்த வேண்டியிருக்கிறது. மட்கி மண்ணில் சேர ஒரு முழு ஆண்டு எடுக்கிறது. தேளும் பாம்பும் தங்கக்கூடிய இடம் என்பதால், வெறுங்கையால் மூடாக்கைக் கிளறும் பழக்கத்தை வீட்டில் உள்ள அனைவரும், குறிப்பாகக் குழந்தைகள், விட்டுவிட வேண்டும். மழை மாதங்களில் நத்தையும் மரவட்டையும் பெருகும். நாற்றின் தண்டைச் சுற்றி ஒரு சாண் அளவுக்கு மூடாக்கை விலக்கிவைத்தால் சேதம் மட்டுப்படும்.

மூன்றாவது வழியைப் பற்றி இணையத்தில் குறைவாகவே பேசுகிறார்கள். நம் பகுதிக்கு மிகவும் ஏற்றது என்று நான் கருதுவது அதைத்தான். பலதானிய விதைப்பை நம் உழவர்கள் நன்கறிவார்கள். தானியம், பயறு, எண்ணெய்வித்து, பசுந்தாள், வாசனைப் பயிர் என்று ஏக்கருக்கு 20 கிலோ அளவில் கலந்து விதைத்து, பூக்கும் தறுவாயில் மடக்கி உழுதுவிடுவார்கள். அதில் கடைசி வேலையை மட்டும் மாற்றி, மடக்கி உழாமல் அடியோடு அறுத்து அங்கேயே சாய்த்துப் படுக்கவிட்டால் அது கொத்தாத பாத்தி ஆகிவிடுகிறது. ஒரு சென்ட்டுக்கு 200 கிராம் விதை போதும். மழை பெய்த மறுநாள் மேல் அங்குலத்தைக் கீறிவிட்டு, விதையைத் தூவி, மெல்லிய வைக்கோலால் மூடினால் முளைத்துவிடும். நாற்பத்தைந்து முதல் அறுபது நாளில் இடுப்பளவு தழை நிற்கும். வேர்கள் மண்ணுக்குள்ளேயே மட்கி, நீரும் காற்றும் இறங்கும் துளைகளை விட்டுச்செல்கின்றன. பயறு வகைகளின் வேர் முடிச்சுகள் தழைச்சத்தைச் சேர்க்கின்றன. இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. சோளத்தையும் கம்பையும் அறுத்தால் மறுதாம்பு விடும், ஆமணக்கும் துளிர்க்கும். உழும் காட்டில் இது பொருட்டல்ல, கொத்தாத பாத்தியில் பெருந்தொல்லை. ஆகவே சணப்பை, தக்கைப்பூண்டு, தட்டைப்பயறு, பாசிப்பயறு, உளுந்து, கொள்ளு, எள், கடுகு, வெந்தயம், கொத்தமல்லி ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது. இம்முறையில் எரு வாங்கும் செலவு ஏறக்குறைய இல்லை. கொடுக்க வேண்டிய விலை இரண்டு மாதக் காத்திருப்பு மட்டுமே. ஒரு சென்ட்டுக்கு மேல் இடம் உள்ளவர்கள் வேறெதையும் யோசிக்க வேண்டியதில்லை என்றே சொல்வேன்.

ஹாலோ பிளாக் கற்களால் தொட்டிபோல் கட்டி நிரப்புவதும், பைகளில் வளர்ப்பதும் இன்னொரு வழி. காங்கிரீட் தளமோ பாறையோ உள்ள இடத்தில் வேறு வழியில்லை என்பது உண்மை. மண் இருக்கும் இடத்தில் அதைச் செய்வதற்கு நான் காரணம் காணவில்லை. கற்கள் வெயிலில் சூடேறி ஓரச் செடிகளை வாட்டுகின்றன. கோடையில் காலையும் மாலையும் நீர் கேட்கின்றன.

பாத்தியை உயர்த்துவதா தாழ்த்துவதா என்பது முறையைவிட முக்கியமான முடிவு. மேட்டுப்பாத்திப் படங்களைப் பார்த்துவிட்டு வறண்ட செம்மண்ணில் முக்கால் அடி உயர்த்துபவர்கள், பொழியும் கொஞ்ச மழையையும் இரு பக்கமும் வழியவிட்டுவிடுகிறார்கள். பெருந்துறை, காங்கேயம், தாராபுரம் வட்டாரங்களில் பாத்தி நடைவழியைவிட இரண்டு மூன்று அங்குலம் தாழ்ந்திருந்து, சுற்றிலும் வரப்பு இருப்பதே சரி; எருவும் மூடாக்கும் போட்ட பிறகு அது தானாகவே தரைமட்டத்துக்கு வந்துவிடும். கோபி, பவானி, காளிங்கராயன் வாய்க்கால் கரை ஊர்களில் இதற்கு நேர்மாறு. வாய்க்காலில் தண்ணீர் விட்டால் ஊற்றெடுக்கும் மண்ணில் அரையடியேனும் உயர்த்தாவிட்டால் மிளகாயும் தக்காளியும் வேரழுகிப் போகும். அதற்கும் கொத்த வேண்டியதில்லை. நடைவழியின் மேல்மண்ணை வழித்துப் பாத்திமேல் போட்டு, அதன்மீது எருவை அடுக்கினால் உயரம் கிடைத்துவிடுகிறது.

சுக்கான் உள்ளவர்களுக்கு ஒரு விதிவிலக்கை ஒப்புக்கொள்கிறேன். முக்கால் அடியில் சுண்ணாம்பு இறுகிக் கிடக்கும்போது, வேரும் மண்புழுவும் அதைத் துளைக்கும் என்று காத்திருப்பது நீண்ட காலம் பிடிக்கும். அங்கே நன்கு நனைத்து, ஓரடிக்கொரு குத்தாகக் கடப்பாறையை இறக்கி, மண்ணைப் புரட்டாமல் அசைத்து மட்டும் விடுவது நல்லது. இதை ஒரே ஒரு முறை செய்தால் போதும். அப்படி அசைத்துவிட்ட என் பாத்தியில் அவரையும் கத்தரியும் கோடையைத் தாண்டி நின்றன. அசைக்காத பாத்தியில் அவை சித்திரையில் வாடின.

பயிரைப் பொறுத்தும் தேர்வு மாறும். கத்தரி, தக்காளி, மிளகாய், வெண்டை, கொத்தவரை, அவரை, புடலை, பீர்க்கு ஆகியவை எந்தக் கொத்தாத பாத்தியிலும் குறை சொல்ல முடியாதபடி வருகின்றன. சின்ன வெங்காயம் இம்முறைக்கென்றே அமைந்ததுபோல, மூடாக்கை விலக்கிக் காயை அழுத்திவிட்டால் வேர் பிடித்துக்கொள்கிறது. தண்டுக்கீரை, அரைக்கீரை, சிறுகீரை ஆகியவற்றின் பொடி விதைகள் வைக்கோலுக்கிடையே முளைக்கமாட்டா. அவற்றுக்குச் சலித்த எரு ஓர் அங்குலம் பரப்பிய அட்டைப் பாத்தியே வேண்டும். முள்ளங்கி முதல் ஆண்டில் கிளைத்துக் கோணும், இரண்டாம் ஆண்டில் நேராகும். சர்க்கரைவள்ளியும் மஞ்சளும் தோண்டியே எடுக்க வேண்டியவை என்பதால், அவற்றுக்குத் தனியிடம் ஒதுக்கிவிடுவது நல்லது.

கோரை அடர்ந்த இடத்தில் மட்டும் எந்த முறையும் முதல் பருவத்தில் முழு வெற்றி தராது. அதன் ஊசிமுனை அட்டையையும் மெல்லிய பாலித்தீனையும் துளைத்து வெளிவரும். தடித்த தார்ப்பாயை இரண்டு மூன்று மாதம் விரித்து வைப்பதும், அதன் பிறகு இரட்டை அட்டை போட்டு, எட்டிப் பார்க்கும் முளைகளை வாரந்தோறும் கிள்ளி கிழங்கின் சேமிப்பைத் தீர்ப்பதுமே வழி. இதற்குப் பொறுமை வேண்டும். ஆனால் கொத்தி எடுத்தவர்கள் பத்தாண்டாகக் கொத்திக்கொண்டே இருப்பதை நான் பார்த்துவருகிறேன்.

இவ்வாண்டு மூன்று வீடுகளுக்கும் நாங்கள் முடிவு செய்திருப்பதைச் சொல்கிறேன். அக்கா வீட்டில் மூன்று மாடுகள் இருப்பதால் எருவுக்குப் பஞ்சமில்லை; அங்கே நடைவழி மண்ணை வழித்து உயர்த்திய நான்கு பாத்திகளில், புரட்டாசி இரண்டாம் வாரத்துக்குள் அட்டையும் ஆறு அங்குல எருவும் போட்டு, ஐப்பசித் தொடக்கத்தில் நாற்று நடுகிறோம். சித்தப்பாவின் கரிசலில், தானே உழுதுகொள்ளும் மண்ணுக்கு அட்டையும் தேவையில்லை, ஆறு அங்குல எருவும் தேவையில்லை. முதல் மழைக்குப் பலதானியம் விதைத்து, மார்கழியில் அறுத்துச் சாய்த்து, தைப்பட்டத்துக்கு வெண்டையும் கொத்தவரையும் ஊன்றுவதாகத் திட்டம். பாதி இடத்தைக் கொத்தி, பாதி இடத்தைக் கொத்தாமல் விட்டு, இரண்டுக்கும் ஒரே எருவும் ஒரே தண்ணீரும் கொடுத்து, காயைத் தனித்தனியே எடைபோட வேண்டும் என்று அவர் கேட்டிருக்கிறார். அதை நான் மனமார வரவேற்கிறேன். என் சுக்கான் மேட்டில், ஒரே ஒரு பாத்திக்கு மட்டும் அட்டையும் முழு அளவு எருவும் போட்டு அதைக் கீரைக்கு ஒதுக்கிவிட்டு, கடப்பாறையால் அசைத்துவிட்ட மற்ற இரண்டையும் தாழ்ந்த பாத்தியாக்கிக் கரும்புச் சோகையால் மூடப்போகிறேன். ஆடிக் காற்றுக்கு முன்பாக அவற்றின்மேல் போடுவதற்கான தென்னை மட்டைகளை இப்போதே பிளந்து, நிழலில் அடுக்கி வைத்திருக்கிறேன்.